ஊறாத அரிசி: பயம் மனத்துக்குள் எப்படித் தங்குகிறது?

மதுரையில் சிம்மக்கல், யானைக்கல் வட்டாரத்து இட்லிக் கடைகளில் ராத்திரி நாம் பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும்தான். ஈரத்துணி விரித்த தட்டில் மாவு விழுகிறது. பத்து நிமிஷத்தில் ஆவி பறக்க இட்லி இலைக்கு வந்துவிடுகிறது. அசல் வேலை முதல் நாளே பின்கட்டில் முடிந்திருக்கும். புழுங்கலரிசி குறைந்தது 4 மணி நேரம் ஊறியிருக்கும். வெந்தயம் சேர்த்த உளுந்து தனியாக ஊறியிருக்கும். முதலில் உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து, பொங்கப் பொங்க ஆட்டுவார்கள். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் மாவு நீர்த்துவிடும். தெளிக்காமலே ஓடவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். அடுத்து அரிசி, ரவைப் பதத்துக்கு. இரண்டையும் உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடிவைத்தால் மிச்சத்தை இரவு பார்த்துக்கொள்ளும்.

நமக்கு நடப்பதையெல்லாம் மனம் பக்குவம் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான். காலையில் பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப்போனான். மத்தியானம் முதலாளி நாலு பேர் முன்னால் கத்தினார். சாயங்காலம் கூடப் படித்தவளை வடக்கு மாசி வீதியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். இவை ஊறுகின்றன, அரைபடுகின்றன, தூக்கத்தில் புளித்துப் பதமாகின்றன. ஒரு வாரம் கழித்து நினைத்தால் "அன்னைக்கு ஒருத்தன் காலை மிதிச்சுட்டுப் போனான்" என்று சொல்வதற்கு ஒரு கதை இருக்கும், கால் வலி இருக்காது. கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். மதுரைக்காரர்களுக்கு அது சற்று அதிகமாகவே மிச்சமிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வழக்கை இன்னொரு நாள் பார்க்கலாம்.

இப்போது, ஊறாத அரிசி ரெண்டு படியை ஒரே நேரத்தில் கிரைண்டருக்குள் கொட்டினால் என்ன ஆகும்? குழவி திணறும். பெல்ட் வழுக்கும். மோட்டாரிலிருந்து கருகல் வாடை வரும். பதறிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால் மாவுக்கு நடுவே முழு அரிசியும் நொய்யும் கிடக்கும். அந்த மாவில் ஊற்றின இட்லி பார்வைக்கு இட்லி மாதிரியேதான் இருக்கும். நாலாவது விள்ளலில் நறுக்கென்று பல்லில் படும்.

உயிர் போகும் ஆபத்தில் மாட்டி மீண்டவர்களில் சிலருக்கு மனத்துக்குள் நடப்பது இதுதான். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் மனவடு என்று எழுதுகிறார்கள். சிம்மக்கல்லில் "பயந்து போய்க் கிடக்கா" என்பார்கள்.

அடுப்படியில் அந்த ரெண்டு நிமிஷம்

2022 ஏப்ரல் 16. கொரோனாவால் இரண்டு வருஷம் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முடியாமல் இருந்த சனம் அந்த விடிகாலையில் வைகைக்குத் திரண்டு வந்தது. நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயம்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சிம்மக்கல்லில் பூக்கட்டி விற்கும் ஒரு அக்கா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் என் கற்பனை. அவருக்கு வரப்போகும் தொந்தரவுகள் எதுவும் கற்பனை இல்லை.

ரெண்டு நிமிஷம் அவர் கால் தரையில் படவில்லை. முன்னால் நின்ற யாருடைய முதுகிலோ முகம் அழுந்திவிட்டது. அழகர் மேல் பீய்ச்சும் தோப்பறைத் தண்ணீரில் நனைந்த ஒரு துணி மூக்கையும் வாயையும் மூடியது. விலா எலும்பு நொறுங்கிவிடும் போல அழுத்தம். காதுக்குள் கோவிந்தா, கோவிந்தா. யாரோ கையைப் பிடித்து இழுத்துப் பாலத்துச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்தார். மேலே ஒரு கீறல்கூட இல்லை. நடந்தே வீட்டுக்கு வந்து, மறுநாள் பூவும் கட்டினார்.

அந்த ரெண்டு நிமிஷம் மண்டைக்குள் இருக்கும் அடுப்படியில் என்ன நடந்தது? அங்கே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அடுப்புப் பக்கம் ஒரு பையன் நிற்கிறான். புகை கண்ணில் பட்டதும் "கேஸை அடை, வெளியே ஓடு" என்று கத்துவது மட்டும்தான் அவன் வேலை. அமிக்டலா என்ற, பாதாம் பருப்பு அளவே உள்ள பகுதி இது. என்ன ஏது என்று விசாரிக்க மாட்டான். விசாரித்துக்கொண்டிருந்தால் கடை எரிந்துவிடும். அவன் கத்தினதும் அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை கால் ஓடத் தயாராகிறது. அன்றைக்கு அக்காவை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பையன்தான். பிற்பாடு அவனைத் திட்டும்போதும் இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது ஆள் சரக்கு அறைக்காரர், ஹிப்போகாம்பஸ். வந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் தேதி, இடம், எதற்குப் பிறகு எது என்று சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவார். கூச்சல் எல்லை மீறும்போது இவர் கை ஓடாது. ஈரத் துணி, வேர்வை நாற்றம், விலா அழுத்தம், கோஷம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. வழக்கத்தைவிட ஆழமாகவே பதிந்தும்விட்டன. சீட்டு மட்டும் ஒட்டவில்லை. தேதி போடாத சரக்கு அடுப்படியைப் பொறுத்தவரை இன்றைக்கு வந்த சரக்குதான்.

மூன்றாவது ஆள் மாஸ்டர், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. "ஏலேய், அது தாளிப்புப் புகைடா, வேலையைப் பாரு" என்று பையனை அதட்டி அடக்குகிறவர். அந்த நேரம் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

பல்லில் படும் நொய்

பத்து நாள் கழித்து, சிம்மக்கல் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவர் நனைந்த துண்டை உதறுகிறார். ஓரம் அக்காவின் முகத்தில் படுகிறது. மூச்சு நின்றுவிட்டது. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அவர் பஸ் நிறுத்தத்தில் இல்லை. ஏப்ரல் 16-ல் இருக்கிறார். இதை ஞாபகம் வருவது என்று சொல்லிவிட முடியாது, திரும்ப நடக்கிறது. கேட்டால் "கண்ணுக்குள்ளயே நிக்குது" என்பார். ராத்திரி கனவாக வரும். புளிக்கப் போட்ட மாவை யாரோ பாதியில் திறந்து கிளறுவது மாதிரி அந்தக் கனவு தூக்கத்தை உடைக்கும். தூக்கம் உடைவதால் மாவு இன்னமும் பதமாகாது.

அடுத்தது விலகல். ஆற்றுப் பாலம் வழியாகப் போவதில்லை. கூட்டமான பஸ் வேண்டாம். வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் கூடை கொண்டுபோவதை நிறுத்திவிட்டு மகளை அனுப்புகிறார். டி.வி.யில் திருவிழா வந்தால் எழுந்துபோய்விடுகிறார். நோயை நீட்டிப்பதில் பெரும்பங்கு இந்த விலகலுக்குத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். பாலத்துப் பக்கம் போகாமல் திரும்பினதும் நெஞ்சு அடங்குகிறது. அந்த ஆறுதல் நிஜம். ஆனால் அடுப்புப் பையன் அதிலிருந்து கற்றுக்கொள்வது வேறு: நான் கத்தினேன், ஓடினோம், பிழைத்தோம், அடுத்த தடவையும் கத்த வேண்டும். பாலத்தில் இப்போது ஆபத்து இல்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. முதலில் பாலம், பிறகு பாலத்துக்குப் போகும் தெரு, பிறகு வாசல் என்று போக முடியாத இடம் பெருகிக்கொண்டே வரும்.

பிறகு மனசு மரத்துப்போவது. பேத்தி காதுகுத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், இவருக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருக்கிறது. "போகாதன்னு சொன்னாக, கேக்காம போனேன், எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்." நெரிசல் வந்தது இவர் குற்றம் இல்லை என்று ஊருக்கே தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது. கடைசியாக, ஓயாத விழிப்பு. குக்கர் விசில் தூக்கிவாரிப் போடும், எப்போதும் சுவரோரம் பார்த்துத்தான் உட்காருவார், சும்மா கேட்டாலும் எரிந்து விழுவார். பையன் இப்போது தாளிப்புப் புகைக்கும் கத்துகிறான், சாம்பிராணிக்கும் கத்துகிறான்.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைச் சேர்த்தது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் பின்னணியில். முதல் உலகப் போர்க் காலத்திலேயே சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்று எழுதியிருந்தார். அதனாலோ என்னவோ, இது சிப்பாய்களின் நோய் என்ற எண்ணம் இன்னமும் இருக்கிறது. நம்மூரில் சாலை விபத்தும், வீட்டுக்குள் நடக்கும் அடி உதையும், சிறு வயதில் சொந்தக்காரன் செய்த கொடுமையும்தான் இதற்குப் பெரிய வாசல்கள். நேரே மாட்டியவருக்கு மட்டும் வருவதும் இல்லை. 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்திவைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் 9 பேர் இறந்தார்கள். அப்படியான இடங்களில் தீயணைக்க ஏறுகிறவர், உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகியோருக்கும் இது வரும். அவர்களிடம் யாரும் "தூங்கினீங்களா?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

நம்மவர்கள் டாக்டரிடம் போய் "பயமா இருக்கு" என்று சொல்வது குறைவு. நெஞ்சு வலி, தலைப்பாரம், கை கால் குடைச்சல், படபடப்பு என்றுதான் சொல்வார்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கும், கேஸ் மாத்திரை எழுதித் தருவார்கள். ஈழப் போரின் நடுவிலும் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழ் நோயாளிகளின் மனவேதனை உடம்பு வலியாக வெளிப்படுவதைத் தொடர்ந்து எழுதியிருக்கிறார். ஆண்கள் கணக்கு இன்னொரு வழியாகத் தீரும், டாஸ்மாக்கில். குடித்தால் தூங்கலாம் என்று நினைப்பார்கள். குடித்த தூக்கம் அரைகுறைத் தூக்கம், மாவு புளிக்கப் போதாது. சின்னப் பிள்ளைகள் சொல்லாமல் விளையாடிக் காட்டும்: ஒரே விபத்தை, ஒரே தீயை, பொம்மைகளை வைத்துத் திரும்பத் திரும்ப, சிரிப்பே இல்லாமல்.

முதல் மாதம் ஊறட்டும்

மேலே சொன்னதெல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கும் வரலாம். அது நோயில்லை. ஒரு மாதம் தாண்டியும் நின்று, வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

பெரும்பாலோருக்குத் தானாகவே அரைபட்டுவிடுகிறது என்பது ஆறுதலான உண்மை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் எடுத்த ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2009-ல் போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வில் 7 சதவீதம். அங்கே பதற்ற நோயும் மனச்சோர்வும் இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. பேரிழப்புக்குப் பின் வரும் எல்லா வேதனைக்கும் பி.டி.எஸ்.டி. என்று ஒரே பெயர் வைப்பதும் தப்பு. மீனவக் கிராமத்து ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பெண்களிடமும் காயம்பட்டவர்களிடமும் இந்த நோய் அதிகம் இருந்தது. வருமானமே நின்றுபோன குடும்பங்களிலும் அதிகம் இருந்தது. ஊறவைக்கும் தண்ணீரில் காசும் சேர்த்தி.

உடனே உட்காரவைத்து "என்ன நடந்தது, ஒண்ணுவிடாம சொல்லு" என்று தோண்டுவது, ஊறாத அரிசிக்கு சுவிட்ச் போடுவது. பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் ஒரு தடவை பேசவைத்து அனுப்பும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் நோய் குறையவில்லை, சிலருக்குக் கூடியும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: ஆபத்து இருக்கிறதா, யாருக்கு என்ன தேவை என்று பார்; அவர் பேசினால் கேள், பேசாவிட்டால் பக்கத்தில் இரு; சொந்தபந்தம், சாப்பாடு, உதவி எங்கே கிடைக்குமோ அங்கே சேர்த்துவிடு. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை என்று நம்மூர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பென்சோடயசெபின் வகை மருந்துகளை இந்த முதல் மாதத்தில் அதிர்ச்சிக்காகக் கொடுக்கக் கூடாது என்றும் அதே நிறுவனம் 2013-ல் சொன்னது. தூங்கினால் போதும் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மந்திரிப்பது? அக்காவை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருப்பார்கள். பூசாரி திருநீறு போட்டிருப்பார். கோரிப்பாளையம் தர்காவில் ஓதிக் கயிறு கட்டியிருப்பார்கள். மதுரையில் அதற்கு மதம் கிடையாது. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. நாலு பேர் கூட உட்கார்ந்து, தலையில் கைவைத்து, "எல்லாம் போயிருச்சுத்தா, இனி ஒண்ணுமில்ல" என்று சொல்கிறார்கள். பயந்த உடம்புக்கு அது தேவைதான். தயா சோமசுந்தரமும் சகாக்களும் மூச்சுப் பயிற்சி, ஜபம், தியானம் என்று யாழ்ப்பாணத்து மக்களுக்குப் பழகிப்போனவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார்கள். வைத்தியம் தேவைப்படும் ஆளை வைத்தியத்துக்கு அனுப்பாமல் கயிறோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6-ல், மந்திரித்துக் குணமாக்க மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் செத்தது நினைவிருக்கட்டும். வேறு நோய்கள், வேறு கதை. ஆனால் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டதன் விலை அது.

கை கையாக அரைப்பது

ஒரு மாதம் போயும் நொய் நொய்யாகவே இருக்கிறது என்றால்? "ஏம்மா இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கே, விட்டுத் தொலை" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் மூடிவைத்த மாவுக்குள் கிடக்கும் நொய் தானாகக் கரையாது. அதை எடுத்து, ஊறவைத்து, திரும்ப அரைக்க வேண்டும். உலகத்தில் இதற்கு நன்றாக நிரூபணமான சிகிச்சைகள் எல்லாம் வெவ்வேறு பெயரில் இந்த வேலையைத்தான் செய்கின்றன என்பது என் புரிதல்.

முதலில் ஊறவைப்பது. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதல் ஒன்றிரண்டு அமர்வுகளில் சம்பவத்தையே தொடமாட்டார். என்ன நடக்கிறது என்று விளக்குவார். படபடப்பு ஏறும்போது மூச்சை மெதுவாக விடுவதற்கும், கால் தரையில் அழுந்துவதைக் கவனிப்பதற்கும், அறையில் கண்ணுக்குப் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்ப்பதற்கும் பழக்குவார். "நான் பைத்தியமாயிட்டேனோ" என்று தனக்குள் மருகிக்கொண்டிருந்தவருக்கு, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஊரில் பலருக்கு வருகிறது என்று கேட்பதே பாதி ஊறல்.

அடுத்து ஒரு கை அரிசி. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் போர் அகதிகளுக்காக உருவாக்கிய ஒரு முறை உண்டு. விவரிப்புச் சிகிச்சை என்று சொல்லலாம். தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போடுவார்கள். அதுதான் உங்கள் ஆயுள். நல்லது நடந்த இடத்தில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடத்தில் கல். நம் அக்கா வைத்தால் பிறப்பு, கல்யாணம், மகள், முதல் கூடை வியாபாரம், பேத்தி என்று பூவாக நகர்ந்து, நடுவே சில கற்கள், ஏப்ரல் 16-ல் பெரிய கல். கயிறு அங்கே முடியவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு கல்லாக, வரிசைப்படி, மெதுவாகச் சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? எந்தச் சேலை? பாலத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள்? கூட்டம் நெருக்கியபோது கை எங்கே இருந்தது? என்ன வாசனை? உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். ஆலோசகர் அப்போது தண்ணீர் தெளிப்பார்: இப்போது இந்த அறையில் என்ன வாசனை அடிக்கிறது? கால் எதில் பதிந்திருக்கிறது? இன்றைக்கு என்ன தேதி? கிரைண்டர் சூடேறவிடாமல் ஓட்டுவது இதுதான். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோகவும் விடமாட்டார். பயம் உச்சத்துக்கு ஏறி, இறங்கும் வரை கூட இருப்பார். சொல்லி முடித்ததும் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார். யார் இழுத்தார்கள்? யார் தண்ணீர் கொடுத்தார்கள்? எப்படி வீட்டுக்கு வந்தீர்கள்? சரக்கு அறைக்காரர் இப்போதுதான் பேனாவை எடுக்கிறார்.

இப்படிச் சொன்னால் ஏன் மாறுகிறது? பழைய நினைவைத் திறக்கும்போது அது சில மணி நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது என்று 2000-ல் கரீம் நாடர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் எலிகளிடம் காட்டினார்கள். மனிதர்களிடம் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. பயந்த இடத்தில் பாதுகாப்பாக நின்று பார்க்கும்போது, மாஸ்டர் பையனை அடக்கும் பழக்கம் புதிதாக உருவாகிறது என்பதில் விவாதம் அதிகம் இல்லை.

இலங்கையின் வடகிழக்கில், போரிலும் பிறகு சுனாமியிலும் அடிபட்ட 31 குழந்தைகளிடம் இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். நடத்தியவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் இல்லை, பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர் ஆலோசகர்கள். 6 அமர்வுகள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு விவரிப்பு, மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய படிப்பும் இல்லாமலே நல்ல பயிற்சியோடு இதைச் செய்யலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி.

அறைக்கு வெளியேயும் வேலை உண்டு. ஒரு மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மகளோடு பாலத்து முனை வரை. நெஞ்சு அடிக்கும், திரும்பி ஓடாமல், அடங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். மறுபடி அதே இடம், சலிப்பு வரும் வரை. பிறகு பாதிப் பாலம். பிறகு சாயங்காலக் கூட்டம். பிறகு தனியாக. எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை அக்காதான் முடிவு செய்வார். "ஒரே நாள்ல பயத்த ஒடைச்சிரலாம்" என்று மச்சான் வலுக்கட்டாயமாகத் திருவிழாவுக்கு இழுத்துப்போனால் ரெண்டு படி அரிசியை மறுபடி கொட்டின கதைதான்.

மருந்தும் உண்டு. செர்ட்ராலின், பராக்செடின் வகை மாத்திரைகள் அடுப்பைச் சிறுதீயில் வைக்கும். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நல்லாயிருக்கு என்று நாமாக நிறுத்தக் கூடாது. சிலருக்குப் பேச்சுச் சிகிச்சையைத் தாங்கும் நிலைக்கு வரவே மருந்து வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முடிந்தால் நினைவு அழிந்துவிடாது. அடுத்த சித்திரையில் வேட்டுச் சத்தம் கேட்டால் ஒரு நாள் தூக்கம் கெடலாம். புதிதாகக் கற்றது பழைய பயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை அழித்துவிடவில்லை. அந்த ஒரு நாள் தூக்கக்கேட்டை நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கலங்க வேண்டியதில்லை. முன்பு பழகின மூச்சும் நடையும் இரண்டு மூன்று நாளில் அடக்கிவிடும்.

அரைக்க முடியாத அரிசி

இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு உதவாது. ஒன்று, கொடுமை இன்னும் நடந்துகொண்டிருக்கும் வீடு. தினமும் ராத்திரி குடித்துவிட்டு அடிக்கும் ஒருவனோடு வாழும் பெண்ணின் மூளையில் பையன் கத்துவது நோய் இல்லை, சரியான தகவல். அங்கே முதல் வேலை அரிசி கொட்டும் கையைத் தடுப்பது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் அதற்குத்தான். பாதுகாப்பு வந்த பிறகே சிகிச்சை.

இன்னொன்று, முடிவே தெரியாத இழப்பு. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், ஈழப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். வருஷக்கணக்காக நடந்த போராட்டம் அது. பதில் தெரியாமலே பல தாய்மார்கள் செத்தும் போனார்கள். மகன் இறந்தானா, இருக்கிறானா, எந்த நாள், எந்த இடம்? சரக்கு அறைக்காரரிடம் எழுதுவதற்குத் தேதியே இல்லை. ஆலோசகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சீட்டை அரசாங்கம்தான் எழுதித் தர வேண்டும். அவர்களிடம் போய் மனநலம் பேசுகிறவர்கள் முதலில் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி, உங்கள் வீட்டில் ஒருவர் விபத்தோ தீயோ சாவோ கண்ணால் பார்த்து ஒரு மாதம் தாண்டியும் தூங்கவில்லை, சில இடங்களுக்கு வரமாட்டேன் என்கிறார், தொட்டால் துள்ளி விழுகிறார் என்றால் அழைத்துப் போங்கள். சிம்மக்கல்லிலிருந்து பாலம் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வேண்டாம். பாலம் தாண்டுவதே அவருக்குப் பிரச்சினை என்றால் முதலில் போன் செய்யுங்கள். 14416, டெலி மனஸ். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.